கல்லூரி வைஃபை: லாகின் பக்கமும் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனும்

கேள்வி, 13 பிப்ரவரி 2023

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் தலையில். மாணவர்கள் நானூறு பேர் இருப்பார்கள். இதுவரை வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்ட். நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது, எதிரே பன்னி சோ (ரொட்டிக்குள் குழம்பு) விற்கிற கடைக்காரருக்கும் மனப்பாடம். இந்த ஆண்டு ஆளுக்கொரு லாகின் வைக்கச் சொல்லிவிட்டார்கள். கூடவே முதல்வர் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கிய ஏழு பக்க நிபந்தனையைக் கொடுத்து, "லாகின் பக்கத்தில் போடு, கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டன் வை, அதோடு நம் பொறுப்பு முடிந்தது" என்கிறார். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் கேப்டிவ் போர்ட்டலைத் தட்டிவிட்டால் போதும்தானே அண்ணே?

13 பிப்ரவரி, இரவு

போதாது தம்பி. நாளை எழுதுகிறேன். இங்கே மாரிட்ஸ்பர்க்கில் இன்னும் சற்று நேரத்தில் கரண்ட் போகும்.

14 பிப்ரவரி

முதலில் அந்தப் பட்டன். கேப்டிவ் போர்ட்டல் செய்வது ஒன்றுதான்: மாணவர் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறார், நாம் நடுவில் புகுந்து நம் பக்கத்தைக் காட்டுகிறோம். எல்லாத் தளமும் எச்டிடிபியில் ஓடிய காலத்தில் இது சரியாக நடந்தது. இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் புக முடியாதபடி பூட்டிய இணைப்பு. நடுவில் புகுந்தால் பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டி 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று அலறும். மாணவரிடம் நாமே "அதைக் கண்டுகொள்ளாதே, அழுத்திவிட்டுப் போ" என்று சொல்லிக் கொடுப்போம். அதே பிள்ளை நாளைக்கு வங்கிப் பக்கத்தில் அந்த எச்சரிக்கை வந்தாலும் அழுத்திவிட்டுத்தான் போகும்.

அதனால்தான் ஃபோன்காரர்கள் வேறு வழி வைத்தார்கள். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு ஒரு சின்ன முகவரியைத் தொட்டுப் பார்க்கும். 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று அர்த்தம். ஆப்பிள் கருவிகள் தங்கள் சோதனைப் பக்கத்தைக் கேட்கும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால் தானாகவே ஒரு குட்டி ஜன்னல் திறந்து உங்கள் லாகின் பக்கத்தைக் காட்டும். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 என்ற இணைய நெறி ஆவணம் இதை இன்னும் ஒழுங்காக்கியது: ஃபோனுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் 114ஆம் விருப்பத்தில் போர்ட்டல் முகவரியைக் கொடுத்துவிடலாம், குறுக்கே பாய வேண்டியதில்லை. புது ஃபோன்கள் கேட்கும், பழையவை கேட்காது. இரண்டுக்கும் ஏற்பாடு வேண்டும்.

ஆனால் அந்தக் குட்டி ஜன்னலில் ஏழு பக்கம் யார் படிப்பார்? ஆண்ட்ராய்டில், இணையம் கிடைத்த நொடியே ஜன்னல் மூடிக்கொள்ளும். 'நிபந்தனைகளை இங்கே படிக்கவும்' என்று லிங்க் போட்டால் அது கல்லூரித் தளத்துக்குப் போகும். லாகின் செய்யாதவருக்குக் கல்லூரித் தளமே அடைபட்டிருக்கும். நான் பார்த்த பல இடங்களில் நிபந்தனையைப் படிக்க வேண்டுமானால் முதலில் நிபந்தனையை ஒப்புக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், உங்கள் இடத்திலும் இன்று போய்ச் சோதித்துப் பாருங்கள். போர்ட்டல் வைத்தால் அந்த ஒரு பக்கத்தை லாகினுக்கு முன்பே திறந்துவிட வேண்டும்.

14 பிப்ரவரி, சற்றுப் பின்

பிடிஎஃப் ஆகவும் போடாதீர்கள். குட்டி ஜன்னலில் பிடிஎஃப் திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

16 பிப்ரவரி

"அறிவிப்பு போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது" என்பதைப் பற்றி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடம், பெயர் வேண்டாம். அங்கே லாகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'உங்கள் எல்லா நடவடிக்கைகளும் கண்காணிக்கப்படுகின்றன' என்று இருந்தது. ஒருநாள் மாணவி ஒருவருக்கு மிரட்டல் செய்திகள் வந்தன, அனுப்பிய இணைப்பு எங்கள் கட்டடத்திலிருந்து. அவர் அப்பா வந்து அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை ஃபோனில் திறந்து காட்டினார்: "எல்லாம் கண்காணிப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, யார் என்று சொல்லுங்கள்." சொல்ல ஒன்றும் இல்லை. பதிவுகள் ரவுட்டரின் நினைவகத்தில் மட்டும் இருந்தன, கரண்ட் போன ஒவ்வொரு முறையும் அழிந்தன. லாகினோ வகுப்புக்கு ஒன்று, முப்பது நாற்பது பேர் அதே பெயரில். அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செய்யாததைச் செய்கிறோம் என்று எழுதி வைப்பது, எதுவுமே எழுதாததைவிட மோசம். உங்கள் முதல்வரிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

17 பிப்ரவரி

ஆளுக்கொரு லாகின் என்றால் 802.1எக்ஸ்தான், வைஃபையில் சேரும்போதே ஆளைச் சரிபார்க்கும் முறை. அந்தச் சரிபார்ப்பைச் செய்வது ரேடியஸ் சர்வர்; ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள் இலவசம், நானூறு பேருக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றே தாங்கும். மாணவர் ஒருமுறை ஃபோனில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும், பிறகு தானாகச் சேரும். ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) ரேடியஸைக் கேட்கும், அது 1812ஆம் போர்ட்டில் (இணைப்பின் வாசல் எண்) சரி பார்க்கும், 1813இல் யார் எப்போது வந்தார் போனார் என்று கணக்கு எழுதும்.

சர்வர் உண்மையானதுதான் என்று ஃபோனுக்குக் காட்டும் சான்றிதழ் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு பல ஃபோன்களில் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வே கிடையாது. மாணவர் டொமைன் பெயரை டைப் செய்தாக வேண்டும், அதில் ஒரு எழுத்து பிசகினால் உங்கள் அறை வாசலில் வரிசை நிற்கும். அந்தத் தேர்வு இருந்த காலத்தில் எல்லோரும் அதைத்தான் தட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அதே பெயரில் போலி வைஃபை ஒன்றை ஏற்றினால் பாஸ்வேர்ட் எல்லாம் அங்கே போய் விழும். ஆகவே சேர்க்கை நாளிலேயே ஒரு மேசை போட்டு, சீனியர் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஃபோனாக அமைத்துக் கொடுங்கள்.

அந்த மேசைதான் நிபந்தனைக்கும் இடம். லாகின் கொடுக்கும்போது ஒரு பக்கத் தாள், படிக்க நேரம், கையெழுத்து. அதற்குப் பிறகு தினமும் பட்டன் தேவையில்லை.

17 பிப்ரவரி

ஆமாம், மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) வைத்து ஆளை அடையாளம் காணும் யோசனையை விடுங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டுகின்றன.

20 பிப்ரவரி

ஜோபர்க் நண்பர் எழுதியிருக்கிறார்: "போப்பியா வந்தபிறகு யாருடைய லாகும், அதாவது இணைப்புப் பதிவும், வைக்கக்கூடாது, வம்பு." அப்படி இல்லை. போப்பியா என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம். ஓராண்டு அவகாசம் முடிந்து முழு நடைமுறைக்கு வந்தது 2021 ஜூலை 1இல். அது லாக் வைக்காதே என்று சொல்லவில்லை. எதற்காக எடுக்கிறாய் என்று எடுக்கும்போதே சொல், அது 18ஆம் பிரிவு. தேவை முடிந்தபின் வைத்திருக்காதே, 14. பத்திரமாக வை, 19. திருட்டுப் போனால் ஒழுங்குமுறையாளருக்கும் உரியவருக்கும் தெரிவி, 22. லாக் விஷயத்தில் சட்டம் கேட்பதில் முக்கால்வாசி இதில் வந்துவிடும்.

இன்னொரு சட்டம் இதைவிட நமக்கு நெருக்கம்: ரீக்கா, 2002இன் 70ஆம் சட்டம். சிம் கார்டு பதிவுக்கு வரிசையில் நின்றபோது எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். பிறர் தகவல் தொடர்பை இடைமறிப்பது குற்றம் என்பதுதான் அதன் அடிப்படை. நிறுவனம் தன் சொந்த நெட்வொர்க்கில் செய்ய 6ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அதில் ஒன்று, பயன்படுத்துபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் சம்மதம் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகை என்ற சமாச்சாரத்துக்கு இங்கே சட்ட வேர் இதுதான். அமெரிக்காவிலும் இதே கதை: 1992 டிசம்பரில் அங்குள்ள கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட், தட்டச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் லாகினிலேயே எச்சரிக்கை போடுங்கள் என்று நீதித்துறையின் ஆலோசனையை எல்லோருக்கும் அனுப்பியது.

ஆக அறிவிப்பு நம்மைக் காப்பாற்றும் தாயத்து இல்லை. நாம் செய்யப்போகும் வேலைக்கு வாங்கும் அனுமதி. அனுமதி வாங்கிய அளவுக்குத்தான் செய்யலாம்.

20 பிப்ரவரி

தம்பி தனியே கேட்டது: போப்பியாவில் தகவல் அலுவலர் (அந்தச் சட்டப்படி பொறுப்பாளி) யார்? தனியார் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே. பெயரை ஒழுங்குமுறையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். முதல்வரிடம் இதைச் சொல்லும்போது கதவுக்கு அருகில் நின்றுகொள்ளுங்கள்.

25 பிப்ரவரி

லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த ஊரில் லாகின் வைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது அதுதான். டெல்லியிலோ லண்டனிலோ எழுதிய கையேடுகளில் இது இருக்காது.

கடவுச்சொல்லைப் பங்கு போடாமலிருக்க 'ஒரே நேரத்தில் இரண்டு கருவிதான்' என்று ரேடியஸில் வரம்பு வைப்பீர்கள். நல்லது. கரண்ட் போகிறது, ஆக்சஸ் பாயிண்ட் எல்லாம் ஒரே நொடியில் சாகின்றன. 'இவர் வெளியேறினார்' என்ற செய்தியை ரேடியஸுக்கு அனுப்ப அவற்றுக்கு உயிர் இல்லை. சர்வர் மட்டும் யூபிஎஸ்ஸில் விழித்திருக்கிறது; அதன் கணக்கில் எல்லோரும் இன்னும் உள்ளே. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வரும்போது நானூறு ஃபோனும் ஒன்றாகக் கதவைத் தட்டும், சர்வர் "நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்" என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பும்.

தீர்வு இருக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் மறுபடி எழும்போது 'நான் இப்போதுதான் எழுந்தேன்' என்று அனுப்பும் செய்தியைப் பிடித்து, அதன் கீழ் இருந்த பழைய கணக்குகளை மூட வேண்டும். எல்லா மாடலும் அதை அனுப்புவதில்லை. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இவர் இன்னும் உள்ளே' என்ற இடைக்காலக் கணக்கு வரும்படி வைத்து, இருபது இருபத்தைந்து நிமிடம் சத்தமில்லாத கணக்கைத் தானாக மூடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடட்டும். இது இல்லாமல் வரம்பு வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம் கடிகாரம். பட்ஜெட் இல்லை என்று ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் ரேடியஸ் போடுபவர்கள் உண்டு. பை 4 வரை, கரண்ட் போனாலும் ஓடும் கடிகாரம் அதில் கிடையாது. இணையம் வந்து நேரத்தைச் சரிசெய்யும்வரை அது பழைய நேரத்திலேயே இருக்கும். அந்த இடைவெளியில் எழுதிய லாக் எல்லாம் தவறான நேரத்தில். நேரம் தவறிய லாகை வைத்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தால் என்ன ஆகும்? உள்ளூரிலேயே நேர சர்வர் ஒன்று, யூபிஎஸ்ஸோடு. இதில் கஞ்சத்தனம் கூடாது.

26 பிப்ரவரி

ஃபீனிக்ஸில் எங்களைவிடக் குறைவாகத்தான் கரண்ட் போகிறது என்கிறார் தம்பி. நல்ல ஊர். இருந்தாலும் ஸ்கிரிப்டை வைத்துவிடுங்கள்.

5 மார்ச்

வக்கீலின் ஏழு பக்கத்தை அனுப்பியிருந்தார், படித்தேன். எங்கும் பெரிய எழுத்து, 'எந்த இழப்புக்கும் எந்த வகையிலும் எப்போதும் பொறுப்பல்ல'. கட்டணம் வாங்கும் கல்லூரிக்கு மாணவர் நுகர்வோர். 2008இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவு எளிய மொழி கேட்கிறது, 49ஆம் பிரிவு பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வரிகளைக் கண்ணில் படும்படி தனியாகக் காட்டச் சொல்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் முதலாண்டு மாணவிக்குப் புரியாத தாளை நீட்டிவிட்டு அவர் சம்மதித்தார் என்று வாதாட எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் போடுங்கள், இங்கே தமிழில்:

'இந்த இணையம் கல்லூரி மாணவருக்கும் பணியாளருக்கும். நீங்கள் எப்போது, எந்தக் கருவியில், எந்த இடத்தில் இணைந்தீர்கள், எந்த ஐபி முகவரி பெற்றீர்கள் என்பதைப் பதிவு செய்கிறோம். எந்தத் தளம் போனீர்கள் என்பதைப் பதிவு செய்வதில்லை. பதிவுகளை 90 நாளுக்குப் பின் அழிக்கிறோம். சட்டப்படி சம்மன் வந்தால் தருவோம். உங்கள் லாகினில் நடப்பதற்கு முதலில் உங்களைத்தான் கேட்போம், அதனால் யாருக்கும் தராதீர்கள். கேள்வி இருந்தால் நூலக மேசையில் கேளுங்கள்.'

90 என்பது என் கணக்கு, சட்டம் எண் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்குள் வரும் புகாருக்கு அது போதும்.

7 மார்ச்

ஜோபர்க் நண்பர் விடவில்லை, இந்த முறை நல்ல கேள்வி: "வெளியிலிருந்து புகார் வரும்போது உங்கள் கல்லூரியின் ஒரே வெளி ஐபி முகவரிதான் இருக்கும். உள்ளே நானூறு பேர். தளம் பதிவு செய்யாமல் எப்படி ஆளைக் கண்டுபிடிப்பீர்கள்?"

ரேடியஸ் லாகும் டிஎச்சிபி லாகும் சேர்ந்து, இன்ன நேரத்தில் இன்ன உள் முகவரி இன்னாரிடம் இருந்தது என்று சொல்லும். வெளியே போன இணைப்பு அவருடையதா என்று சொல்லாது. அதற்கு ஃபயர்வாலில், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றியதன் பதிவும் வேண்டும். எதிர் சர்வர் தன் பக்கம் வந்த போர்ட் எண்ணையும் குறித்து வைத்திருந்தால், நாம் உள் முகவரியையும் வெளிப் போர்ட்டையும் மட்டும் வைத்தால் போதும், எங்கே போனார் என்று வைக்க வேண்டாம். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6302 சர்வர்காரர்களிடம் இதைத்தான் கேட்கிறது. நடைமுறையில் போர்ட் எண் இல்லாமல் வரும் புகார்கள் நிறைய. அப்போது சேருமிடமும் பதிவில் இருந்தால்தான் கை கொடுக்கும்.

வேண்டுமென்றே சேருமிடத்தை விட்டுவிடுவதுதான் என் தேர்வு. சில புகார்களுக்கு "எங்களால் சொல்ல முடியாது" என்று பதில் எழுத வேண்டியிருக்கும். எழுதலாம். பதினெட்டு வயதுப் பிள்ளை நள்ளிரவில் என்னென்ன தேடுகிறது என்ற பட்டியல் என் சர்வரில் இருப்பதைவிட அது மேல். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தால் மேலே உள்ள தாளில் அந்த ஒரு வரியை மாற்றி, 'எந்த வெளி முகவரிக்கு இணைப்பு போனது என்பதும் பதிவாகும், உள்ளடக்கம் பதிவாகாது' என்று போடுங்கள். பழைய வரியை வைத்துக்கொண்டு புதுப் பதிவைத் தொடங்காதீர்கள்.

8 மார்ச்

சம்மன் என்றது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவில் வருவது. சீருடையோடு ஒருவர் வந்து "கொஞ்சம் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்" என்றால் டீ கொடுங்கள், பிரிண்ட் வேண்டாம்.

21 மார்ச்

மனித உரிமை நாள், விடுமுறை, அதனால் நீளமாக.

தொடக்கத்தில் கேப்டிவ் போர்ட்டலைப் போட்டு அடித்துவிட்டேன். வருகையாளருக்கு அதுதான் வழி: பெற்றோர், ஒருநாள் கருத்தரங்குக்கு வருபவர். அவர்களுக்கு 802.1எக்ஸ் அமைத்துக்கொடுக்க யாருக்கு நேரம்? தனி வைஃபைப் பெயர், நாள் முடிந்தால் செத்துப்போகும் வவுச்சர், குட்டி ஜன்னலில் நாலு வரி. வவுச்சரை வரவேற்பறையில் பெயர் எழுதி வாங்கட்டும். உள் நெட்வொர்க்குக்கு அங்கிருந்து வழியே இருக்கக்கூடாது.

பெரிய பல்கலைக்கழக ஆட்கள் வந்தால் எடுரோம் கேட்பார்கள், எந்தப் பல்கலைக்கழகம் போனாலும் சொந்த லாகினிலேயே சேரும் பொது வைஃபை. இந்த நாட்டில் அதை நடத்துவது பல்கலைக்கழகங்களுக்கு இணையம் தரும் டெனெட். அங்கே போர்ட்டலுக்கு இடமே கிடையாது, 802.1எக்ஸ் மட்டும். கேப் டவுனில் படிக்கும் பிள்ளை மாரிட்ஸ்பர்க் வந்தால் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது கேப் டவுன் சர்வர். நிபந்தனையும் அங்கே ஒப்புக்கொண்டதுதான் முதல் கணக்கு. லாகின் கொடுக்கும் இடத்தில் தாள் என்று நான் சொன்னதை அவர்கள் உலக அளவில் செய்கிறார்கள்.

பதினேழு வயதில் சேருபவர்களைப் பற்றி ஃபீனிக்ஸ் அக்கா ஒருவர் கேட்டிருந்தார், ஆசிரியை போல. போப்பியாவில் பதினெட்டுக்குக் கீழ் குழந்தைதான், 34, 35ஆம் பிரிவுகள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து எப்படியும் வாங்குகிறீர்கள். வைஃபைத் தாளையும் அதோடு சேர்த்துவிடுங்கள் அக்கா.

பயன்பாட்டு வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. படம் பார்க்கிறார்கள் என்று முதல்வர்கள் கோபப்படுவார்கள். 2016இல் டேட்டா விலை குறைய வேண்டும் என்று இந்த நாட்டில் பெரிய குரலே எழுந்தது. அப்போது வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் மாடிப்படியில் ஆக்சஸ் பாயிண்டுக்கு நேர் கீழே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும், கரண்ட் இருக்கும்போதே. யாரோ அட்டைப்பெட்டி விரித்து வைத்திருப்பார்கள், சிமெண்ட் குளிருக்கு. அதில் பாதிப் பேர் வகுப்பு வீடியோவை இறக்கிக்கொண்டு போகிறவர்கள், வீட்டில் டேட்டா வாங்க முடியாது. பகலில் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுங்கள், இரவில் திறந்துவிடுங்கள். தளத்தைத் தடுக்கும் பட்டியல் போட்டால் அதைப் பராமரிப்பதே உங்கள் வேலையாகிவிடும்.

10 ஏப்ரல்

பெரிய வெள்ளிக்கிழமை இங்கே கோயில் தீமிதி, மூன்று நாள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், முகம் எல்லாம் மஞ்சள், என்னைப் பிடித்து "அண்ணா, வைஃபை ஏன் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது?" என்றார். எங்கள் மாணவர். தீக்குழிக்கு வரிசையில் நிற்கிறார்.

காரணம் சான்றிதழ் புதுப்பித்தது. ஐஃபோன்கள் புதுச் சான்றிதழைப் பார்த்ததும் மறுபடி 'நம்பலாமா' என்று கேட்கும். தம்பி, உங்கள் சான்றிதழ் தேதியைத் தேர்வு வாரத்தில் விழாதபடி வையுங்கள்.

12 ஏப்ரல்

அந்தத் தாளை முதல்வர் ஏற்றுக்கொண்டாராம், வக்கீலின் ஒரு வாக்கியத்தை மட்டும் சேர்க்கச் சொல்கிறாராம்: 'கல்லூரி எந்த நேரமும் இந்த நிபந்தனைகளை அறிவிப்பின்றி மாற்றலாம்.' 'அறிவிப்பின்றி'யை வெட்டிவிட்டு, 'மாற்றினால் மின்னஞ்சலில் தெரிவிப்போம்' என்று போடச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் போப்பியாவின் 18ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். நூலகச் சுவரில் இருக்கும் பழைய பாஸ்வேர்டை எப்போது நிறுத்தப்போகிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?

13 ஏப்ரல்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து திறக்கும் நாளிலேயே நிறுத்துகிறாராம். பன்னி சோ கடைக்காரருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கார்டு மெஷினை உங்கள் வைஃபையில் ஓட்டுகிறாரா என்று கேளுங்கள்.